பின்மண்டைகளின் ஆண்டு

சலூன்காரருக்கு உலகத்தில் நடப்பதெல்லாம் தெரியும். காலையில் கடை திறந்ததும் ரேடியோவைப் போட்டால் மாலையில் சாத்தும்வரை அது செய்தி சொல்லிக்கொண்டே இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அதற்கு வியாக்கியானம் சொல்வார்கள். இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு அவர் கத்தரி போடுவார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்தான். ஆனாலும் எந்த நாட்டில் யார் ஜெயித்தார், எந்தக் கடலில் எது முழுகியது என்று கேட்டால் பட்டென்று பதில் வரும்.

இந்தப் பெருமையை அவர் வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னது மகள். அவள் படிப்பது ஒன்பதாம் வகுப்பு. வாய் மட்டும் கல்லூரியை முடித்துவிட்டது. 2024-ஆம் ஆண்டின் உலக நிகழ்வுகளைப் பற்றி டிசம்பர் கடைசியில் நூலகத்தில் வினாடி வினா, அப்பாவோ அம்மாவோ ஒருவர் பிள்ளையோடு ஜோடியாக வரவேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். "எங்கப்பா முன்னாடி யாரும் நிக்க முடியாது" என்று வகுப்பில் வக்கீலின் மகள் சொல்லியிருக்கிறாள். "எங்கப்பாவுக்குத் தெரியாத செய்தி இன்னும் நடக்கவே இல்ல" என்று இவள் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையோடு போய்ப் பெயரும் பதிந்துவிட்டு வந்தாள்.

"ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க. அதான் கேக்கல."

சலூன்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தான் தோற்றால் போகிறது, அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. மறுநாள் வகுப்பில் இவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்? அவருடைய பயமெல்லாம் அந்த ஒன்றுதான்.

பத்து நாள் கடையிலேயே பயிற்சி நடந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மகள் பழைய பேப்பரைப் பார்த்துக் கேள்வி கேட்பாள், அவர் வேலையை விடாமல் பதில் சொல்வார். ஒன்றுகூடத் தப்பவில்லை. சொல்லும் விதம்தான் வேடிக்கை. "ஏப்ரல்ல சூரிய கிரகணமா? இரு இரு, அன்னிக்கு மளிகைக்கடைக்காரர் உக்காந்திருந்தாரு, காதுக்குப் பின்னாடி மட்டும் நரை... ஆங், மெக்சிகோ, அமெரிக்கா, கனடா!" நமக்கெல்லாம் மாதமும் தேதியும் நாள்காட்டியில் இருக்கும். அவருக்குத் தலைகளில் இருந்தன. மகள் விழுந்து விழுந்து சிரித்தாளே தவிர, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போட்டி நாளன்று நூலகத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. பாதிக்கு மேல் சலூன்காரரின் வாடிக்கையாளர்கள். நம் ஆள் மேடை ஏறுகிறார் என்று எலக்ட்ரீஷியன், பஸ் டிரைவர், கட்டட கான்டிராக்டர் எல்லாரும் வேலைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். கேள்வி கேட்டவர் நூலகர் அம்மா. மற்ற ஜோடிகள் முதல் சுற்றுகளிலேயே கழன்றுகொள்ள, கடைசியில் மேடையில் வக்கீல் ஜோடியும் சலூன் ஜோடியும் மட்டும் மிஞ்சின. பிள்ளைகள் சுற்றில் இரண்டு பெண்களும் சரிசமம். அடுத்தது பெற்றோர் சுற்று. பிள்ளை பக்கத்தில் உட்காரலாம், பதில் சொல்லக்கூடாது.

"ஜனவரியில ஒரு நாட்டோட விண்கலம் நிலாவுல இறங்கித் தலைகீழா நின்னுச்சு. எந்த நாடு?"

சலூன்காரருக்குத் தெரியும். தொண்டைவரை வந்துவிட்டது. உதவிக்குக் கூடத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யார் யார் என்றே புரியவில்லை. இத்தனை வருடமாக அவர் பார்த்துப் பழகியது இவர்களுடைய பின்மண்டையை அல்லவா? கடைக் கண்ணாடியில் முகம் தெரியுமே என்றால், தெரியும்தான். ஆனால் கத்தரி பிடித்தவன் முகத்தை ரசித்துக்கொண்டிருந்தால் காது போய்விடும்.

மணி அடித்தது. "ஜப்பான்" என்றார் நூலகர் அம்மா. வக்கீலின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சலூன்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் திரும்பி மகளைப் பார்க்கும் தைரியம்கூட இல்லை.

மகளோ அவரைப் பார்க்கவில்லை. அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் துள்ளி எழுந்தாள்.

"மாமா! எல்லாரும் திரும்பி உக்காருங்க! அப்பாவுக்கு முதுகைக் காட்டுங்க!"

முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சலூன் நாற்காலியில் "கொஞ்சம் அந்தப் பக்கம்" என்றால் மறுபேச்சு இல்லாமல் திரும்பிப் பழகியவர் எலக்ட்ரீஷியன். அவர்தான் முதலில் திரும்பினார். பிறகு ஒருவர் பின் ஒருவராக, நாற்காலிகள் தரையில் கரகரவென்று இழுபட, கூடமே மேடைக்கு முதுகைக் காட்டியது.

வக்கீல் எழுந்துவிட்டார். "அம்மா, இது வெளியிலேர்ந்து உதவி! அனுமதிக்கக் கூடாது!"

"யாராவது வாயைத் திறந்தாங்களா? சைகை காட்டினாங்களா?" என்றார் நூலகர் அம்மா. "முதுகு காட்டறது குத்தம்னு எந்தச் சட்டத்துல இருக்கு சார், நீங்களே சொல்லுங்க." வக்கீல் யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

சலூன்காரர் நிமிர்ந்தார். அப்பாடா! அத்தனையும் தெரிந்த தலைகள். 2024-ஆம் ஆண்டே அங்கே வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"மே மாசம், துருவ ஒளி வழக்கமாத் தெரியாத ஊர்கள்ல எல்லாம் வானம் சிவப்பும் பச்சையுமா மின்னுச்சே, எதனால?"

மூன்றாம் வரிசை, இரட்டைச் சுழி. எலக்ட்ரீஷியன்! "நம்ம ஒயரெல்லாம் என்ன ஆகும்" என்று தலையை ஆட்டி ஆட்டிப் புலம்பி, ஒரு வெட்டு எக்குத்தப்பாக விழுந்தது அன்றைக்குத்தான்.

"சூரியப் புயல்!"

ஆகஸ்டில் ஒலிம்பிக் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் எவ்வளவு வித்தியாசம்? பிடரியில் இரண்டு மடிப்பு, பஸ் டிரைவர். "என் பஸ்ஸும் அவ்ளோதான் லேட்டு" என்று கூசாமல் பொய் சொன்ன தலை. "ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சா, அதுல அஞ்சு!" தீப்பிடித்த பாரிஸ் தேவாலயம் எத்தனை வருடம் கழித்துத் திறந்தது? "அதுக்குள்ளயேவா முடிச்சுட்டாங்க!" என்று அதிர்ந்துபோனது கான்டிராக்டரின் வழுக்கை. "அஞ்சு வருஷத்துக்கு மேல!" கூடம் திரும்பாமலே கைதட்டியது.

கடைசிக் கேள்வி. வக்கீல் தன்னுடையதைக் கோட்டைவிட்டிருந்தார். ஆனாலும் ஒரு மதிப்பெண் முன்னால் இருந்தார். இதற்கு இரண்டு மதிப்பெண்.

"அக்டோபர்ல, இலக்கியத்துக்கான நோபல் பரிசு முதல் தடவையா ஒரு ஆசியப் பெண்ணுக்குக் கிடைச்சுது. அவங்க எந்த நாடு?"

சலூன்காரர் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை தேடினார். நரை, சுருட்டை, வழுக்கை, தழும்பு, எதிலும் அந்தச் செய்தி இல்லை. அவ்வளவுதான், கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தார்.

அப்போது மகள் எழுந்து, அவருக்கு முன்னால் வந்து, முதுகைக் காட்டி நின்றாள்.

அக்டோபரில் சைக்கிளிலிருந்து விழுந்து அவளுக்கு வலது கையில் மாவுக்கட்டு. அவள் அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ், விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவாள். பின்னல் போடும் வேலை அப்பா தலையில் விழுந்தது. ஊருக்கெல்லாம் கத்தரி போட்ட கைக்குப் பின்னல் வரவில்லை. மடியில் பேப்பரை விரித்துவைத்து அவள் படித்துக்காட்டுவாள், அவர் மூன்று பிரிகளோடு மல்லுக்கட்டுவார். ஒருநாள், "அப்பா, ஆசியாவுலயே முதல் பொண்ணாம்பா!" என்று அவள் எம்பிக் குதித்ததில் பாதிப் பின்னல் அவிழ்ந்துபோயிற்று. "ஆடாம உக்காரும்மா" என்று அதட்டினாலும், இந்தப் பொண்ணு நல்லா இருக்கணும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார். எந்தப் பெண்ணை நினைத்தார் என்று அவருக்கே தெரியாது.

"தென் கொரியா" என்றார். குரல் உடைந்து, மைக் வைத்திருந்தும் சன்னமாகத்தான் கேட்டது.

"சரியான விடை!"

கைதட்டலும் விசிலும் கூரையைப் பிய்த்தன. வக்கீல் எழுந்து வந்து மனதாரக் கைகுலுக்கினார். மூன்றாம் வரிசையிலிருந்து எலக்ட்ரீஷியன் கத்தினார்: "அண்ணே, இப்பத் திரும்பலாமா?"

சலூன்காரர் சட்டைக் கையால் அவசர அவசரமாக முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண் நிறைந்தது.

"கொஞ்ச நேரம் அப்படியே இருங்கப்பா" என்றார்.

எல்லாரும் அப்படியே இருந்தார்கள். மகள் மட்டும் திரும்பிவிட்டாள்.