மூன்று எழுத்து மரியாதை

சோமனூர் விசைத்தறிக் கூடத்தில் புது வைஃபை பெட்டியை மாட்டிய ஃபஹீமா, அதற்கு வைக்க வேண்டிய பாஸ்வேர்டை ஏணியில் நின்றபடியே சொன்னாள். மேனேஜர் நரசிம்மலு கீழே கம்ப்யூட்டரில் அடித்தார். ஆனால் எந்த போனிலும் ‘பாஸ்வேர்ட் தவறு’ என்றே வந்தது. பெட்டியை அணைத்துப் போட்டும் அதே கதைதான்.

மனுஷன் அப்படி என்னதான் அடித்திருப்பார்? இறங்கி வந்து, திரையில் புள்ளிகளாக மறைந்திருந்ததைத் திறந்து பார்த்தாள். ‘சோமனூர்123’ முடிந்த பிறகும் என், ஜி, ஏ என மூன்று எழுத்துகள் இருந்தன.

“ஏனுங்க, கடைசில இது என்னதுங்க?”

“நீங்கதானுங்க அம்மணி, ‘சோமனூர் ஒன்னு ரெண்டு மூணுங்க’ன்னு சொன்னீங்க! அழிச்சுப்போடட்டுங்களா?”

ஃபஹீமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“வேண்டாமுங்க. யாரு கேட்டாலும் நம்ம வாயில அப்படித்தானுங்களே வரும்!”