கடைசித் தண்ணீர்

கல்முனை பிரதான வீதியில் நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என்னுடைய ஸ்பா. பெண்களுக்கு மட்டும். கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்: நீராவிக் குளியலால் கெட்ட வியர்வை போகும், எண்ணெய் தேய்த்தால் இரத்த ஓட்டம் சீராகும், மூட்டு வலி குறையும், நல்ல நித்திரை வரும். முதல் மூன்றுக்கும் நான் பொறுப்பில்லை. படுத்துக்கொண்டே மாமியைத் திட்டித் தீர்க்கிறவளுக்கு எந்த வலி குறையும்? ஆனால் நித்திரை மட்டும் சத்தியம். என் கட்டிலில் குறட்டை விடாமல் எழும்பிப் போனவள் இல்லை.

அவள் ஒருத்தியைத் தவிர.

அவள் வருவது வெள்ளிக்கிழமைகளில்தான். ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போய், கடைகள் பூட்டி, வீதியில் ஓர் ஆட்டோ சத்தம்கூட இல்லாத நேரம். முப்பதை நெருங்கும் வயது. முதல் தடவை வந்தபோது வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது; அவளுடைய அபாயாவின் ஓரம் நனைந்திருந்தது.

"எந்த ஊர் புள்ள?"

"சாய்ந்தமருது. கடக்கரப் பக்கம்."

"ஆர்ட மகள்?"

சிரித்தாள். யாருடைய மகள் என்று சொல்லாமல் நம் பக்கத்தில் ஒரு பெண் தப்பிவிட முடியாது. நானும் ஊர்ப் புதினமெல்லாம் விசாரித்து அறிகிறவள். அன்றைக்கு ஏனோ விட்டுவிட்டேன்.

நீராவிக்குள் உட்கார வைத்தேன். ஒரு துளி வியர்க்கவில்லை. சூட்டைக் கூட்டினேன், வேறு யாருமென்றால் அலறியிருப்பார்கள். தொட்டுப் பார்த்தால் ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த மீன் மாதிரிக் குளிர்ந்தது உடம்பு. எனக்குக் கொழும்பில் சொல்லித் தந்தபடி இடது காலில் எண்ணெயை வைத்தேன்.

"வலப்பக்கத்தால தொடங்குங்க ராத்தா," என்றாள்.

அடுத்த வெள்ளி, இலந்தை இலை போட்ட தண்ணீரால் கழுவச் சொன்னாள். "ஃபேஸ்புக்ல பாத்திங்களோ?" என்று நக்கலடித்துவிட்டு, தேடிப் பிடித்துக் கொண்டுவந்து போட்டேன். அதற்கடுத்த வெள்ளி தலையைக் கழுவினேன். மண் வந்தது. எவ்வளவு ஊற்றியும் கடற்கரை மண் வந்துகொண்டே இருந்தது.

"மூண்டாப் பின்னி விடுங்க."

மூன்றாவது பின்னலைப் பிடித்தபோது என் கை நின்றுவிட்டது. வலப்பக்கம் முதலில், இலந்தை இலைத் தண்ணீர், தலைமுடி மூன்று பின்னல். போன வருடம் என் உம்மா இறந்தபோது இதே கையால் அவருக்கு இப்படித்தான் செய்தேன். இது ஸ்பா அல்ல. அடக்கம் செய்யுமுன் மையித்தைக் குளிப்பாட்டுகிற முறை.

பின்னலை ஒதுக்கினேன். பிடரிக்குக் கீழே தோல் சுருங்கிய ஒரு பழைய தழும்பு. நோன்புக் கஞ்சி கொட்டி வெந்த இடம். அந்தக் காயத்துக்கு வாழைக் குருத்து வைத்துக் கட்டியவள் நான்.

ஸப்னா. என் தங்கச்சி. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, சின்னப் பிள்ளையாய் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவள். இருந்திருந்தால் இப்போது இந்த வயதுதான். அகப்பட்ட உடல்களையெல்லாம் அன்று ஒரே குழியில் அடக்கினார்கள். குளிப்பாட்ட யாருக்கும் அவகாசமில்லை. அந்தக் குழிக்குள் இவள் போனாளா, கடலோடு போனாளா என்று தெரியாது. "என்ட புள்ள எங்கயோ இரிக்கா, ஆரோ எடுத்து வளக்காங்க," என்று சொல்லிச் சொல்லியே உம்மா மௌத்தானார். கடைசி வரைக்கும் அவளுக்காக, இறந்தவர்களுக்குத் தொழுகிற ஜனாஸாத் தொழுகையை நடத்த விடவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடச் சந்தோசமாகவும் இருந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகு அவள் தலை என் கைக்குள் இருந்தது.

"கடைசித் தண்ணிக்குக் கற்பூரம் போடுங்க ராத்தா," என்றாள் மெதுவாக. "பிறகு நான் வரத் தேவையில்ல."

அந்தத் தண்ணீரோடு மையித்துக் குளிப்பு முடிந்துவிடும். கற்பூரம் வீட்டில் இருந்தது. உம்மாவுக்கு வாங்கியதில் மிச்சம்.

"கற்பூரம் இல்ல புள்ள," என்றேன். "வாற வெள்ளி வந்து பாருங்க."

அவள் கோபிக்கவில்லை. போகும்போது கதவில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டாள். "நல்ல நித்திர வரும் எண்டு போட்டிரிக்கிங்களே," என்றாள். அவள் போன பிறகு மாடிப்படியைத் துடைத்தேன். உப்புத் தண்ணீர்.

இப்படியே வெள்ளிகள் போகின்றன. ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் குளிர்ந்து வருகிறாள். இப்போது பல் கிட்டுகிறது, பேச்சு நடுங்குகிறது. நான் செய்வது பாவம் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் உம்மாவும் போய்விட்டார். இந்தத் துனியாவில் என்னைக் கூடப்பிறந்த உரிமையோடு ராத்தா என்று கூப்பிட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நேற்று மனம் கேளாமல் கற்பூரத்தைப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். தண்ணீரையும் நிறைத்து வைத்தேன். பொட்டலத்தைப் பிரித்துக் கட்டியை உடைத்துக்கொண்டிருக்கும்போதே படியில் அவள் காலடி கேட்டது. எப்படியோ என் கை அதை மேசை லாச்சிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டது.

"கற்பூரம் வந்திட்டா ராத்தா?"

"இன்னம் வரல்ல, ஸப்னா."

முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அறை முழுக்கக் கற்பூரம் மணத்தது. அவள் மூச்சை இழுத்து அந்த மணத்தை முகர்ந்தாள், பூட்டிய லாச்சியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டே கட்டிலில் ஏறி, வலப்பக்கம் மேலே இருக்கப் படுத்துக்கொண்டாள்.