சக்கியின் மாடியில் குடியிருந்தவர்கள்

என் கணவர் அனந்தநாராயணனுக்குச் சிறுநீரகத்தில் கல். 1966-ல் அந்த வலிக்கு டாக்டர் பெத்திடின் ஊசி எழுதிக் கொடுத்தார். கல் போய்விட்டது, வலியும் போய்விட்டது, ஊசி மட்டும் போகவில்லை. பழைய சீட்டை வைத்துக்கொண்டே காம்பவுண்டர் தினமும் வீடு தேடி வந்து போட்டுவிட்டுப் போனான். கொஞ்சம் தாமதமானால் இவருக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஒரு பிரிவையே கட்டி மேய்க்கிறவர், காம்பவுண்டரின் செருப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அந்தக் காம்பவுண்டரைப் படியிலேயே நிறுத்தி, வாய்க்கு வந்ததைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு இவர் பட்ட பாட்டைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியைத் தவிர வேறு வழியில்லை என்று தெரிந்தது. அவரும் சரி என்றார்.

மைத்துனர் பஞ்சுதான் குறுக்கே நின்றார். அவர் பெண் விஜயலக்ஷ்மிக்குச் செம்பூரில் வரன் கூடி வந்திருந்தது.

"பெரியப்பா போதை ஊசிக்கு ஆஸ்பத்திரில கெடக்கார்னு தெரிஞ்சா, வந்தவா வந்த வழியே போயிடுவா, மன்னி."

"அதுக்காக உங்க அண்ணா இப்படியே இருக்கணுமா?"

பஞ்சு யோசித்து ஒரு வழி சொன்னார். அட்மிஷன் மேஜையில் கிட்டு என்று தெரிந்த பையன் இருக்கிறான், விலாசத்தை மாற்றிப் போட்டுக்கொள்வான். எனக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. ஆனால் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விஜி கல்யாணம் என்னால நின்னுடப்படாது, பாகீரதி" என்றார். விஜி இவர் தோளில் வளர்ந்த பெண். நான் வாயை மூடிக்கொண்டேன், என் வாய்க்கு அது பழக்கமில்லை என்றாலும்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அட்மிஷன் மேஜைக்குப் பின்னால் சுவரில் பம்பாய் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. இந்த ஊசி, மாத்திரைப் பழக்கத்துக்காக வந்து சேருகிறவர்கள் எந்தப் பகுதியோ, அந்தப் பகுதியில் சிவப்புத் தலை வைத்த குண்டூசி குத்துவார்களாம். டாக்டர் நாட்கர்ணி அம்மாளின் ஏற்பாடு. எந்தப் பக்கம் நோய் கூடுகிறது, எந்தப் பக்கம் குறைகிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டுமாம். தாராவியில் இன்னொரு குண்டூசிக்கு இடம் தேட வேண்டியிருந்தது. நம்மவர்கள் நிறைந்த எங்கள் மாட்டுங்கா மட்டும் வெளேரென்று கிடந்தது.

"பார்த்தேளா மன்னி, மாட்டுங்காவில ஒண்ணு கெடையாது" என்று பஞ்சு என் காதில் சொன்னார். குரலில் பெருமை வழிந்தது.

"அப்போ நாம எங்கேருந்து வந்திருக்கோமாம்?" என்றேன்.

கிட்டு பேனாவைத் திறந்தான். "கவலைப்படாதேங்கோ மாமி. தாராவி, கணேசபாண்டியன் மாவு அரைக்கிற சக்கி, மாடி. நம்மவா எல்லாருக்கும் இந்த அட்ரஸ்தான் போடறேன். இதுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை."

தொந்தரவு அப்போதுதான் வாசலில் வந்து நின்றது. புருவம் வரைக்கும் கோதுமை மாவு அப்பிய ஒரு பெரிய ஆள். பின்னால் லேசாகக் கால் தாங்கியபடி இன்னொருவர். "டாக்டர் பாயி கிதர் ஹை? டாக்டரம்மா எங்க?" என்று அந்தப் பெரிய ஆள் போட்ட சத்தத்தில் டாக்டர் அம்மாளே வெளியே வந்துவிட்டார். பாதி ஹிந்தியிலும் பாதித் தமிழிலுமாக அந்த ஆள் பொரிந்து தள்ளினார்.

"நாந்தான் சக்கி கணேசபாண்டியன். உங்க நர்ஸம்மா வந்து, மாடியில இருக்க பேஷண்டெல்லாம் சொகமா இருக்காவளான்னு கேக்குது. என் சக்கிக்கு மேல தகரம்தான் உண்டு. தகரத்துக்கு மேல காக்காதான் உண்டு! பின்னாலயே போலீசும் வந்துட்டு, இங்க ஊசி விக்கியான்னு. மாவு அரைக்க வந்த பொம்பளையெல்லாம் கோதுமைய வாரிக் கட்டிக்கிட்டுப் போயிட்டாவ."

பிறகு, கூட வந்தவரைத் தோளைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இவன் என் தம்பி பூதத்தான். துறைமுகத்துல மூட்டை விழுந்து கால் ஒடிஞ்சப்ப போட்ட ஊசி, கால் கூடின பொறவும் இவன விடல. போன வருசம் இங்க கொண்டாந்து சேத்தோம். தெருவே கூட வந்துச்சு. பேரு, தெரு எல்லாம் நெசமாத்தான் சொன்னோம். சீக்குக்கு என்ன வெக்கம்? இன்னைக்கு என் சக்கிய ஓட்டுதது இவன்தான்." வரைபடத்தை நோக்கிக் கை நீண்டது. "அதுல ஒரு குண்டூசி எங்களுது. எங்க தெருக்காரங்களுது இன்னும் நாலஞ்சு இருக்கும். மிச்சமெல்லாம் யாருது? என் மாடியில யாரெல்லாம் குடியிருக்காவ?"

டாக்டர் அம்மாள் வரைபடத்தைப் பார்த்தார். கிட்டுவைப் பார்த்தார். கிட்டு பேனாவை மூடினான், திறந்தான், மறுபடியும் மூடினான். அப்புறம் அந்த அம்மாள் நேராக என் கணவரிடம் வந்து, "உங்கள் வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

பஞ்சு, தன் அண்ணாவின் முழங்கையை அழுத்திப் பிடித்தார். காலையிலிருந்து ஊசி இல்லாமல் இவர் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. பதில் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இவர் தம்பியின் கையை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்தார். "தெலங் ரோடு, மாட்டுங்கா. மூன்றாவது மாடி" என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு கணேசபாண்டியனிடம் திரும்பினார். "எங்க கட்டடத்துல மாடி நெஜமாவே இருக்கு. ஒருநாள் வந்து பாருங்கோ."

கணேசபாண்டியன் சிரித்த சிரிப்பில் மேஜையெல்லாம் மாவு உதிர்ந்தது. டாக்டர் அம்மாள் ஒரு குண்டூசியை எடுத்து இவரிடமே நீட்டினார். நடுங்குகிற விரலால் இரண்டு தரம் தவறவிட்டு, மூன்றாம் தரம் அந்த வெள்ளை மாட்டுங்காவில் குத்தினார். கல்யாண மேடையில் இவரைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை இல்லை. அழுதுவிட்டேன், சொல்வதற்கு என்ன.

வார்டில் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வீட்டுக்கு வந்தபோது என் கணவராக வந்தார்.

வந்த வாரமே செம்பூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா பஞ்சு வீட்டுக்கு வந்தார். எங்களை அந்தப் பக்கமே வர வேண்டாம் என்று பஞ்சு சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தோம். காபி வந்ததும் இவரே ஆரம்பித்து, பெத்திடின், காம்பவுண்டர், ஆஸ்பத்திரி என்று ஒன்று விடாமல் சொன்னார். பஞ்சு நடுவில் புகுந்து, இன்னும் கொஞ்சம் காபி விடட்டுமா என்று பேச்சை மாற்றப் பார்த்தார். உள்ளே விஜி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா காபியைக் கீழே வைத்தார். "அந்த டாக்டரை எப்போ போனா பார்க்கலாம்?" என்றார். "எங்க மூத்தவன், கல்யாணப் பையனோட அண்ணா... அவனுக்கும் இந்த ஊசிதான்."

"நானே கூட வரேன்" என்றார் இவர்.

"விலாசம் கேப்பாளோ?"

"கேப்பா. உங்க விலாசத்தையே சொல்லுங்கோ. சக்கிக்கு மாடி கெடையாது."

தையில் விஜி கல்யாணம் நடந்தது. அதற்குள் வரைபடத்தில் செம்பூரிலும் குண்டூசி ஏறியிருந்தது, மாட்டுங்காவில் இன்னும் சில. "மாட்டுங்கா பேரே போச்சு மன்னி" என்று பஞ்சு இன்றைக்கும் அங்கலாய்க்கிறார். அங்கே முதல் குண்டூசி யாருடையது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும்தான்.