இடுப்பு வலி

மலேசியாவில் லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் பெண்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே அவர்களுக்கு இருப்பது ஒரே ஓர் உறுப்புதான். அதன் பெயர் இடுப்பு. மாதவிலக்கு வந்தால் இடுப்பு வலி. பிள்ளை பிறக்கிற நேரம் வந்தாலும் இடுப்பு வலி. கர்ப்பப்பையில் கட்டியே இருந்தாலும் ஆப்பரேஷனுக்குத் தேதி குறிக்கிறவரை அதுவும் இடுப்பு வலிதான். சொல்கிறவளும் பெண், கேட்கிறவளும் பெண் என்பதால் மற்றதை முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். இப்படி வாயைப் பொத்திப் பொத்திக் குடும்பம் நடத்துகிற இடத்தில் ஷாமினி பிறந்தாள். அது அவள் குற்றம் இல்லை.

ஷாமினிக்கு இருபத்தேழு வயது. செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. புருஷன் புனிதன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறான். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர்கள் புருஷன் பெண்சாதியாகச் சேர்ந்ததில்லை.

அவனைப் பிடிக்காமல் இல்லை. பிடித்துத்தான் கட்டிக்கொண்டாள். அவன் லோரிச் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போகிறவள் அவள். ஆனால் அவன் நெருங்கினால் கீழே சதை தானாகவே பூட்டிக்கொள்ளும். மீறினால் உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள். அவன் விலகிப் படுத்து, “பயப்படாத லா, ஷாமினி, நான்தானே” என்பான். நல்லவன். ஆனால் எத்தனை நாளைக்கு ஒருவன் நல்லவனாகவே இருக்க முடியும்?

மாமியார் மயிலம்மாளுக்கு விஷயம் தெரியாது. மருமகள் வயிறு திறக்கவில்லை என்ற ஒரே கவலை. மலாய்க்காரக் கிழவியை வரவழைத்து ஷாமினியின் அடிவயிற்றை எண்ணெய் விட்டு உருவிவிட்டாள். நேர்த்திக்கடன் வைத்தாள். ஷாமினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சேராமலே பிள்ளை எப்படி வரும் என்று அந்த வீட்டில் யார் எடுத்துச் சொல்வது?

கடைசியில் புனிதன்தான் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி கிளினிக்குக் கூட்டிப்போனான். உள்ளே வரக் கூச்சப்பட்டான். “நீயே பேசிக்க லா. நான் வெளிய இருக்கேன்” என்றான்.

உள்ளே இருந்தது ஓர் இளம் மலாய் டாக்டர். என்ன வலி என்று கேட்டார். ஷாமினிக்குக் காது சிவந்தது. வீட்டில் பழகிய ‘இடுப்பு வலி’யை அப்படியே மலாயில் மாற்றிப் போட்டாள்.

“சாகித் பிங்கங், டாக்டர்.”

மலாய்க்காரர்களின் பிங்கங் நம் ஊர் இடுப்பு மாதிரி எல்லாவற்றையும் சுமக்கிற சொல் அல்ல. பெல்ட் கட்டுகிற இடம், முதுகுக்குக் கீழே, அவ்வளவுதான். எப்போது வலிக்கிறது என்று கேட்டார். படுக்கும்போது என்றாள். பாரம் தூக்குவாயா என்றார். தொழிற்சாலையில் பெட்டி தூக்குவேன் என்றாள். டாக்டர் முதுகை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், வலி மாத்திரை கொடுத்தார், கெட்டி மெத்தையில் படுக்கச் சொன்னார், பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோவுக்கு எழுதிக் கொடுத்தார். ஷாமினி அவரை மனதுக்குள் கும்பிட்டாள். எவ்வளவு மரியாதையாக, ஒரு வார்த்தைகூடக் கொச்சையாகக் கேட்காமல் புரிந்துகொண்டார் என்று வெளியே வந்து புனிதனிடம் சொன்னாள். “குணப்படுத்திடலாமாம்” என்றாள். அவன் அன்றைக்கே கெட்டி மெத்தை வாங்கினான்.

எட்டு மாதம் பிசியோவுக்குப் போனாள். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மேலே தூக்கிப் பத்து எண்ணச் சொன்னார்கள். அந்தப் பயிற்சியைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? வீட்டிலும் காலையில் இருபது, மாலையில் இருபது என்று விடாமல் செய்தாள். சிகிச்சை முடிகிறவரை தொடமாட்டேன் என்று புனிதன் வாக்குக் கொடுத்திருந்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான். அந்த எட்டு மாதமும் இருவரும் காதலர்கள் மாதிரி மந்தின் டவுனுக்குப் போய் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டு வந்தார்கள். அவள் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் அதுதான்.

ஜூன் மாதம் சிகிச்சை முடிந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலம்மாள் கோயிலுக்குப் போன நேரத்தில் ஷாமினியே அவன் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனாள்.

எதுவும் மாறவில்லை. அதே பூட்டு, அதே வலி. இந்த முறை அவள் சத்தமாகவே அலறிவிட்டாள்.

புனிதன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான். “எட்டு மாசம் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்காங்க. அப்ப உனக்கு நோவு இல்ல. என்னைத்தான் புடிக்கல. முன்னாடியே சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்ல?”

அவள் என்ன சொல்லியும் அவன் கேட்கவில்லை. கெமாஸில் இருக்கிற அக்காள் வீட்டுக்குப் போய்விட்டான். மூன்று வாரமாக அங்கிருந்தே லோரி ஓட்டினான்.

ஜூலையில் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஷாமினி தனியாகப் போனாள். வழக்கமாகப் பிசியோ பார்க்கிற மலாய்ப் பெண் அன்றைக்கு லீவு. அந்த இடத்தில் ரேச்சல் என்று ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். கோப்பைப் புரட்டிக்கொண்டே, “இடுப்பு இப்ப எப்படிம்மா இருக்கு?” என்றாள்.

தமிழில் கேட்டதும் ஷாமினி உடைந்துபோனாள். “எட்டு மாசமா செய்யுறேன்கா. இன்னும் தெறக்கவே இல்லையே” என்று அழுதாள்.

ரேச்சல் பேனாவை வைத்தாள். “தெறக்கலையா? எதும்மா?”

கதவைச் சாத்தி, அரைமணி நேரம் எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, ரேச்சல் அதன் பெயரைச் சொன்னாள். வஜைனிஸ்மஸ். “கண்ணுல தூசி விழ வந்தா இமை தானா மூடும் இல்ல, அந்த மாதிரி. நீ வேணாம்னு நெனச்சு செய்யறது இல்ல. புடிக்காததுனாலயும் இல்ல. இதுக்கு வைத்தியம் இருக்கும்மா. மூச்சுப் பயிற்சி, அந்தச் சதையத் தளர்த்துற பயிற்சி, சின்னதுல இருந்து ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா பழக்குற கருவி, மனசுக்கும் பேசுறதுக்கு ஆள். முக்காவாசிப் பேருக்குச் சரியாயிடும்.”

“எங்கக்கா போகணும்?”

ரேச்சல் தயங்கினாள். “இதே வரிசையிலதான். ரெண்டு கதவு தள்ளி.”

எட்டு மாதம் அந்தக் கதவைத் தாண்டித்தான் ஷாமினி கழிப்பறைக்குப் போய் வந்திருக்கிறாள். அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. டாக்டர் அவள் சொன்னதைத்தான் கேட்டார். அவளும் அவளுக்குத் தெரிந்த சொல்லைத்தான் சொன்னாள்.

வெளியே வந்து புனிதனுக்குப் போன் அடித்தாள். நோயின் பெயரைச் சொன்னாள். கிளினிக்கில் என்ன சொன்னாள், அவர்கள் எதற்கு வைத்தியம் பார்த்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் லோரி இன்ஜின் நின்றது.

“அப்ப நீ என்னை வேணாம்னு சொல்லலையா?”

“ஒரு நாளும் இல்லங்க.”

அவன் அழுவது கேட்டது. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. “பதினாலாந் தேதி ஆரம்பிக்கலாமாம். ரெண்டு பேரும் வந்தா நல்லதாம். வந்துடுங்க” என்றாள்.

அவன் லோரிக் கதவைத் திறந்து கீழே இறங்குகிற சத்தம் கேட்டது.

“என்னால முடியாது, ஷாமினி. உன் மேல கோவம் இல்ல, சத்தியமா. ஆனா அன்னிக்கு நீ கத்தினது காதுலயே இருக்கு. ரெண்டு வருசமா உன்னை அழ வெச்சுட்டேன். இப்ப உன் பக்கத்துல படுக்கிறத நெனச்சாலே என் உடம்பும் அடைச்சுக்குது. நீ நல்லாயிடுவ. நல்லாயிட்டு வேற யாரையாவது பாத்துக்க. எனக்கு இது போகாது.”

“பயப்படாதீங்க” என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. அதே சொல்லை இரண்டு வருஷம் அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். ஒரு நாளும் அது அவள் உடம்புக்குக் கேட்டதில்லை. உடம்பு அடைத்துக்கொண்டால் கெஞ்சி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவன் போனை வைக்கிறவரை அவள் காதோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரேச்சல் அட்டையோடு வெளியே வந்தாள். “பதினாலு, காலையில ஒம்பதரை. வீட்டுக்காரர் வர்றாரா?”

“இல்லக்கா. எனக்கு மட்டும் எழுதுங்க.”

அவனோடு வாழத்தான் இத்தனை நாளும் குணமாக வேண்டும் என்று நினைத்தாள். இனி யாருக்காகக் குணமாகப் போகிறோம் என்று தெரியாமலே அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.