ஹவ் என்றால்

...எப்படி என்று எதற்குக் கேட்க வேண்டும், கண்டக்டர் கேட்டது திருமுல்கேரியா என்றுதானே, அதற்கு யாராவது எப்படி என்று திருப்பிக் கேட்பார்களா, ஆனால் முன்சீட்டில் துணிப்பையை மடியில் வைத்திருந்த அந்த அம்மாள் சாவதானமாக "ஹவ்" என்றாள், கண்டக்டரும் முறைக்கவில்லை, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். தாரிணி காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள், ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அம்மாள் பக்கத்தில் நின்ற பெண்குழந்தையிடம் தண்ணீர் பாட்டிலைக் காட்டி "பானி ஹோனா?" என்றாள், குழந்தை "ஹவ்" என்றது, வாங்கிக் குடித்தது, பாட்டிலை மறுபடி நீட்டியதற்கு "நக்கோ" என்று உதட்டைத் துடைத்துக்கொண்டது. நக்கோ தெரியும், வேண்டாம் என்று அர்த்தம், இந்த ஊருக்கு வந்த முதல் நாளே தெரிந்துகொண்ட வார்த்தை. வேண்டாம் என்பதற்கு நக்கோ என்றால், வேண்டும் என்பதற்கு... ஐயோ, இருக்காது, அது இங்கிலீஷ் வார்த்தை, ஆபீஸில் விளையாட்டு ஆட வந்த பிள்ளைகள் எப்படி என்றுதான் கேட்டார்கள், ஒருத்தரா ரெண்டு பேரா, பாதிப்பேருக்கு மேல் அப்படித்தானே சொன்னார்கள், தன் காதாலேயே கேட்டு எழுதினாளே. முன்னால் குனிந்து அந்த அம்மாளின் தோளைத் தொட்டு, தெரிந்த நாலு இந்தி வார்த்தையைக் கூட்டி, "ஹவ்... மத்லப்?" என்று கேட்டாள். அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஹவ் போலேதோ ஹாங், அம்மா. நயே ஆயே க்யா?" என்று சிரித்தாள். ஹாங் என்றால் ஆமாம், அந்த அளவு இந்தி தாரிணிக்குத் தெரியும், புதிதாக வந்தாயா என்று கேட்டதும் புரிந்தது, ஆமாம், புதிதாகத்தான் வந்திருக்கிறேன் என்று தலையாட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஆமாம். ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேரும், சிரித்துக்கொண்டே, ஆமாம் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்கள், இவள் பாட்டுக்கு 'எப்படி என்று கேட்டார்' என்று எழுதித் தள்ளியிருக்கிறாள். மாதாப்பூரில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் வேலையே அதுதான், வெளிவரப்போகிற வீடியோ விளையாட்டுகளை முன்கூட்டியே ஆட்களைக் கூப்பிட்டு ஆடவிட்டு, என்ன நினைக்கிறார்கள் என்று எழுதி, செய்தவர்களுக்கு அனுப்புவது. இந்தத் தடவை ஜப்பானிலிருந்து வந்தது, முழு ஆட்டமும் இல்லை, முன்னோட்டமாக ஒரு துண்டு, அந்தக்கால முறையில் செய்த ஆட்டம். உப்பு காய்ச்சும் தீவு ஒன்று, அங்கே தலைமுடியை ஆகாயத்துக்குத் தூக்கிவிட்ட ஒரு பையன், கூட மூன்று பேர், வீடு வீடாகப் போய் ஆட்களிடம் பேச வேண்டும், காட்டில் ஜந்துக்கள் வந்தால் எல்லோரும் வரிசையாக நின்று முறைவைத்து அடிக்க வேண்டும். அவள் ஆடிப் பார்த்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது, என்ன சண்டை இது, ரேஷன் கடை வரிசை மாதிரி, ஆனால் பிறகு பிடித்துப்போயிற்று, ஏனென்றால் நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறவரை அந்த ஜந்து நம்மை ஒன்றும் செய்யாது, மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே நிற்கும், அடியா, மந்திரமா, ஓட்டமா என்று நாம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். இந்த பஸ் அப்படி நிற்காது. திருமுல்கேரி வந்துவிட்டது, அந்த அம்மாள் குழந்தையை இழுத்துக்கொண்டு இறங்கிப் போகிறாள், ஒரு வார்த்தையைச் சொல்லி மனுஷியைக் கொன்றுபோட்டுவிட்டு எவ்வளவு நிம்மதியாகப் போகிறாள் பார்.

ஆட வந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள், கல்லூரியில் படிக்கிறவர்கள். கேள்விகள் திரையில் தானாக வரும், அவர்கள் மைக்கில் ஊர்ப் பேச்சு கலந்த இங்கிலீஷில் பதில் சொல்வார்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் எழுதுவாள். ஒருத்தி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்து, வீட்டுக்காரர் நிற்கும்போதே அலமாரியைத் திறந்து பார்த்து, இது நல்லாருக்கு, இப்படித் திருட எங்கள் வீட்டில்கூட விடமாட்டார்கள் என்றாள். ஷெர்வின் என்று ஒரு பையன், உயிர் கொடுக்கும் மருந்தைக் கடைசிவரை எடுக்காமலே செத்துப்போனான், ஏன் எடுக்கவில்லை என்றால் பிறகு தேவைப்படுமே என்றான். எவ்வளவு அழகாகச் சொன்னார்கள். அதையெல்லாம் எழுதினாள், சரியாகத்தான் எழுதினாள், ஜர்ரா, பரேஷான் என்று புரியாத வார்த்தை வந்தபோதெல்லாம் பக்கத்து நாற்காலி ராகவேந்திராவைத் தட்டிக் கேட்டுத்தான் எழுதினாள். ஆனால் புரியாத வார்த்தையைத்தானே கேட்க முடியும், புரிந்துவிட்டதாக நினைக்கிற வார்த்தையை யாரிடம் போய்க் கேட்பது. விளக்கம் புரிந்ததா என்று திரை கேட்கும், ஷெர்வின் "ஹவ்" என்பான். சண்டைமுறை பிடித்ததா, "ஹவ்". மேலே ஆடுவாயா, "ஹவ் ஹவ்". அவன் முகம் முழுக்கச் சிரிப்பு, பல்லெல்லாம் தெரிய, அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாளே, குழப்பத்தில் இருக்கிறவன் அப்படிச் சிரிப்பானா, அதையும் பார்த்துவிட்டு, பாவம், கூச்சத்தை மறைக்கச் சிரிக்கிறான் என்று ஒரு வரி சொந்தமாகச் சேர்த்தாளே. உனக்கு எதுக்குட்டி இந்த அதிகப்பிரசங்கித்தனம்.

அந்த வரியைத்தான் ஜப்பான்காரர்கள் பாராட்டினார்கள். இவ்வளவு கூர்மையாக ஆட்களைக் கவனித்த குறிப்புகளைப் பார்த்ததில்லை என்று ஜப்பானிலிருந்து ஒரு அம்மாள் மெயில் போட்டிருந்தாள். அன்றைக்கே அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டு அம்மாவிடம் பீற்றிக்கொண்டாயிற்று, அம்மா, "அப்படியாட்டி, சப்பான்காரனே சொல்லிட்டானா? அப்பா வேற யாருக்குச் சொல்லலாம்னு தெருவைப் பாத்துட்டு நிக்காவ," என்றாள். சரி, அதோடு நின்றிருந்தால் தொலைகிறது. விளக்கம் புரியாமல் பாதிப்பேர் எப்படி எப்படி என்று கேட்டிருக்கிறார்களே, அந்த விளக்க வரிகளை எழுதியவர் யார் என்று அடுத்த மெயிலில் கேட்டார்கள். யார், ஃபெலிக்ஸ் அண்ணன்தான். ஆட்டத்துக்கு இங்கிலீஷ் வரிகளை எழுதிக் கொடுப்பதும் இதே கம்பெனிதான், எழுதியவர் அவர். அவரை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடலாமா என்று பேசத்தான் இன்றைக்குப் பதினொரு மணிக்கு ஜப்பானிலிருந்து கூப்பிடுகிறார்கள். மாற்றுவது என்றால் வேறு நாற்காலி கொடுப்பதில்லை, போன வருஷம் அப்படி மாற்றப்பட்டவர்கள் யாரும் இப்போது அந்தக் கட்டடத்தில் இல்லை.

செகந்திராபாத்தில் இறங்கி மாதாப்பூர் பஸ்ஸுக்கு நின்றபோது செல்போனை எடுத்தாள். ஃபெலிக்ஸ் அண்ணன் பெயரை அழுத்தினாள், மணி அடிப்பதற்குள் நிறுத்தினாள், இந்த இரைச்சலில் என்ன கேட்கும். மெசேஜ் அனுப்பலாம், 'அண்ணா ஒரு தப்பு நடந்துபோச்சு' என்று அடித்தாள், நடந்துபோச்சாமே, அதுவா நடந்தது, அழித்தாள். பஸ் வந்தது, ஏறினாள், உட்கார இடம் கிடைத்தது, கிடைக்காமல் இருந்தால்கூடத் தேவலை, நின்றுகொண்டு வந்தால் வேறு எதையாவது நினைக்கலாம். சொன்னால் என்ன ஆகும். அவள் இன்னும் தற்காலிகம்தான், ஒரு வார்த்தை தெரியாமல் ஒரு ஆட்டத்தையே தப்பாக எழுதிக் கொடுத்தவளை யார் வைத்துக்கொள்வார்கள், நாளைக்கே ரயில், மறுநாள் அம்பாசமுத்திரம், அப்பா தெருவைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். சொல்லாவிட்டால்... சொல்லாவிட்டாலும் தப்ப முடியாதே, பேச்சையெல்லாம் பதிந்து வைத்திருக்கிறார்களே, மீட்டிங்கில் யாராவது, எங்கே, அந்தப் பிள்ளைகள் எப்படிக் கேட்டார்கள், போடுங்கள் பார்ப்போம் என்றால் போதும், ஷெர்வின் குரல் ஹவ் ஹவ் என்று அறை முழுக்கக் கேட்கும், ஃபெலிக்ஸ் அண்ணன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரே நொடியில் புரிந்துபோகும், தலையைத் திருப்பி அவளைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்ததும் உள்ளங்கை வேர்த்தது, துப்பட்டாவில் துடைத்தாள், மறுபடி வேர்த்தது. தாங்க முடியாது, சத்தியமாகத் தாங்க முடியாது.

நல்ல மனுஷர் அவர். அவருக்குப் போய் இப்படியா. அவர் வீட்டில் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டார்கள், அவர் தமிழில் தெலுங்கும் உருதுவும் அது பாட்டுக்குக் கலந்து ஓடும். முதல் நாள் அவள் "சார்" என்று கூப்பிட்டதற்கு, "சார் எல்லாம் நக்கோம்மா, அண்ணான்னு கூப்பிடு" என்றார், அவள் அறையே கேட்கிற மாதிரி, "நக்கவா? எதை நக்கணும் சார்?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். காது மடல் சிவந்திருந்தது. வேண்டாம் என்று அர்த்தம்மா என்று மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து அவளிடம் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிதான் பேசுகிறார், 'சாப்பிட்டு விட்டாயாம்மா', 'ஆமாம்', 'வேண்டாம்', ஒவ்வொரு எழுத்தாக, பார்த்துப் பார்த்து. எல்லோரிடமும் ஹவ் என்று சொல்கிறவராகத்தானே இருந்திருப்பார்... அவளுக்கு மட்டும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். அவள் சிரித்துத் தொலைத்திருக்காவிட்டால் இந்த ஒரு மாதத்தில் நூறு தடவையாவது அந்த வார்த்தை அவள் காதில் விழுந்திருக்கும். தாரிணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பஸ்ஸில் அழக்கூடாது, பக்கத்துப் பெண் பார்க்கிறாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அமீர்பேட் போர்டுகள் ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. பாவம் ஃபெலிக்ஸ் அண்ணன், பாவம் ஃபெலிக்ஸ் அண்ணன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். சின்ன வயதில் ஒரு எழுத்தும் புரியாத ஜப்பானிய ஆட்டங்களை மாதக்கணக்கில் தட்டித் தடவி ஆடினவராம், இந்தத் தீவும் உப்பும் வந்தபோது, இதற்குத்தான் இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தேன் என்று எல்லோர் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டவர். சொல்லிவிட வேண்டும். என்ன ஆனாலும் சரி, போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும், யாரும் அந்தப் பதிவைப் போடுவதற்கு முன்னால், தானாகச் சொன்னதாக இருக்க வேண்டும், கண்டுபிடித்துச் சொன்னதாக இருக்கக்கூடாது. ஏன் இந்தச் சிக்னல் இவ்வளவு நேரம் விழுந்து கிடக்கிறது. விழுந்தே கிடக்கட்டும், பதினொன்றரை ஆகட்டும், எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேரலாம்... சீ, என்ன பிறவி நீ.

ஆனால் நேரத்தோடு வந்து சேர்ந்துவிட்டாள். மீட்டிங் அறை வாசலில் ஃபெலிக்ஸ் அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தார், புது முழுக்கைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அதைப் பார்க்க முடியாமல் அவள் அவர் செருப்பைப் பார்த்தாள். "வந்து விட்டாயாம்மா? நல்லதாப் போச்சு. ரெண்டு நாளா எல்லா வரியையும் திருத்தி எழுதிட்டேன், நீ எழுதினதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு. உன்மேல ஒண்ணும் இல்லம்மா, நீ கேட்டதைத்தானே எழுதினே. என் இங்கிலீஷ் இவ்வளவு மோசம்னு எனக்குத்தான் தெரியல பாரு," என்றார். கடைசி வரியில் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சொல், இப்போது சொல், அண்ணா என்று வாயைத் திறந்தாள், வேறு என்னவோ வந்தது, "அண்ணா, அந்தப் பிள்ளைங்க பேசின ரெக்கார்டிங்... இன்னைக்குப் போடுவாங்களா?" அவர் நெற்றியைச் சுருக்கினார். "கைக்கு..." என்று இந்த ஊர்ப் பேச்சில் ஆரம்பித்து, அவளுக்காகத் திருத்திக்கொண்டு, "ஏன்மா கேட்கிறாய்? அது முந்தாநாளே அழிச்சாச்சே. ரிப்போர்ட் போனதும் ரெண்டு பக்கமும் அழிச்சுடணும், அவங்க ரூல் அது. இப்ப உன் ரிப்போர்ட் மட்டும்தான் இருக்கு." சொல்லிவிட்டுக் கையிலிருந்த காகிதத்தைப் பிரித்து, உதடு அசைய, மன்னிப்புக் கேட்கும் வரியைத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டார்.

அழித்தாயிற்று. இரண்டு பக்கமும். யாரும் எதையும் போடப்போவதில்லை, யாரும் தலையைத் திருப்பிப் பார்க்கப்போவதில்லை, இனி இது அவளுக்கும் திருமுல்கேரியில் இறங்கிப்போன அந்த அம்மாளுக்கும் மட்டுமே தெரியும். பஸ்ஸில் துடைக்கத் துடைக்க வேர்த்த உள்ளங்கை காய்ந்திருந்தது, ஏசி குளிர்ச்சிகூட இப்போதுதான் தெரிந்தது. ஃபெலிக்ஸ் அண்ணன் இன்னும் அந்தக் காகிதத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார், அவருக்கு எதுவும் மாறவில்லை, அதே பதினொரு மணி, அதே ஆட்கள். அப்படியானால்... பாவம் பாவம் என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாளே, அது யாரை. அந்தப் பயம் அவருக்காக என்றுதானே நினைத்தாள், அவர் இன்னும் இங்கேதானே நிற்கிறார், பயம் மட்டும் எங்கே போயிற்று. அதை உள்ளே தேடிப் பார்த்தாள், வா, கொஞ்சமாவது வந்துவிடு என்று கூப்பிட்டும் பார்த்தாள். அறைக்குள் போன் மணி அடித்தது. "வாம்மா, கூப்பிடுறாங்க" என்று அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் முதலில் போகட்டும் என்று ஒதுங்கி நின்றார். கேன்டீனில் இந்நேரம் இட்லி தீர்ந்துபோயிருக்குமே என்று அவளுக்குத் தோன்றியது.