ஆர்டர் இல்லாத நாள்

விடியும் முன்பே கொதிகலனில் நீராவி ஏறிவிடும். மருத்துவமனை அழுக்குத் துணியில் இரத்தமும் மருந்தும் கலந்த ஒரு வாடை இருக்கும். எவ்வளவு சோடா உப்புப் போட்டாலும் போகாது. ஈரப் போர்வைகளை நான் தோளில் சுமந்து வந்து போடுவேன். நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்தவள் உதறி, விளிம்பு பிடித்து, துணியை உலர்த்தித் தேய்க்கும் கொதி உருளைக்குள் கொடுப்பாள். மறுபக்கம் நெட்டையன் மடித்து அடுக்குவான்.

அரசு மருத்துவமனைக்கு ஒப்பந்தத்தில் துணி வெளுக்கும் கூடத்தில் எங்களுக்கு வேலை. எழுத்தில் ஆர்டர் வராமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது என்பது ஒப்பந்த விதி. ஆனால் ஆர்டர் ஒருநாளும் வேலைக்கு முன்னால் வந்ததில்லை. மருத்துவமனை ஸ்டோர் ஆபீசர் போன் செய்வார், முதலாளி "ஏத்துங்கப்பா" என்பார், நாங்கள் ஏற்றுவோம். காகிதம் பந்தி முடிந்தபின் வரும் விருந்தாளி மாதிரி ஆடி அசைந்து வந்து சேரும்.

ஒருமுறை நான் முணுமுணுத்தபோது அக்காதான் அதட்டினாள். "படுக்கையில கிடக்கிறவனுக்கு ஆர்டரெல்லாம் தெரியுமா தம்பி? ஈரத்துணியில கிடப்பான். ஏத்து."

அப்படி ஏற்றிய ஒரு காலையில்தான் போர்வை நுனியோடு அவள் வலது கையும் உருளைக்குள் போனது. நிறுத்தும் பொத்தான் வேலை செய்யவில்லை. பழுது என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நெட்டையன் ஓடிப்போய் மெயினை அணைத்தான். அதற்கு முன்னால் அவள் ஏற்றிய போர்வை மறுபக்கம் வெள்ளையாக விழுந்து கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதே மருத்துவமனையில் சேர்த்தோம். நாங்கள் வெளுத்த போர்வையில்தான் படுத்திருந்தாள். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நஷ்டஈடு கேட்டு முதலாளி முன்னால் நின்றோம்.

"அன்னைக்கு ஆர்டரே இல்லையேப்பா" என்றார் அவர். "ஆர்டர் இல்லாத நாள்ல வேலை கிடையாது. வேலையே நடக்காத இடத்துல விபத்து எப்படி நடக்கும்? ஸ்டோர்லயும் அதைத்தான் சொல்றாங்க."

"நீங்கதானே ஏத்தச் சொன்னீங்க?" என்றேன் நான்.

"எழுதிக் குடுத்தேனா?"

"அப்ப விரல் மட்டும் போயிருக்கே முதலாளி" என்றான் நெட்டையன். "அதுவும் ஆர்டர் இல்லாமத்தான் போச்சு. திருப்பிக் குடுத்துடுங்க." அவன் வாயைத் திறந்தாலே சிரிக்கும் நாங்கள் அன்று சிரிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். மறுநாள் வேலைக்கு வந்தேன். எல்லோரும் வந்தோம். போன் அடித்தது, ஏற்றினோம்.

கட்டுப்போட்ட கையோடு ஒருநாள் காலையில் அக்கா வந்து நின்றாள். போன் அடித்தது. "ஏத்துங்கப்பா, வார்டுல அவசரமாம்" என்றார் முதலாளி. என் தோளில் ஈரச்சுமை. பழக்கத்தில் கால் தானாக நகர்ந்தது. அக்கா உருளைக்கு முன்னால் குறுக்கே வந்தாள்.

"இறக்கு தம்பி."

"அக்கா, படுக்கையில கிடக்கிறவங்க..."

"நானும்தான் கிடந்தேன். நேத்து மடிச்சது அடுக்குல இருக்கு, மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள எழுதி அனுப்பட்டும். அந்த ஆபீசருக்கு விரலெல்லாம் இருக்குல்ல?"

நான் இறக்கினேன். நெட்டையன் மெயினை அணைத்தான். உருளை சுற்றிச் சுற்றி நின்றது.

"வேற ஆளைக் கூட்டிட்டு வருவேன்" என்று கத்தினார் முதலாளி.

"தாராளமா வரட்டும்" என்றான் நெட்டையன். "வாசல்ல நாங்க இருப்போம். அக்கா கையைப் பார்த்துட்டு உள்ள போகட்டும்."

"இன்னைக்கு ஆர்டர் மட்டும் பத்தாது" என்றாள் அக்கா. "அன்னைக்கு இங்க வேலை நடந்துச்சுன்னும் எழுதணும். நான் இங்கதான் இருந்தேன்."

அழுக்கு மூட்டை மேல் அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்தோம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. சுமை இறங்கிய தோள் எனக்கு அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.