நடுவில் இருந்த குழாய்கள்

பேசுவது உன் தம்பி சுண்டெலி. வயது இருபத்து மூன்று. இருப்பது நான் வேலை பார்க்கும் சலவைக் கடைக்கு மேல், துணி மூட்டைகளுக்கு நடுவில். அண்ணி வீட்டுக்குள் விடவில்லை. அக்கா, வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கையில் இஸ்திரிப் பெட்டி, அதனால் பேசியே அனுப்புகிறேன்.

அண்ணனுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தது உனக்குத் தெரியும். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறான். அதனால் நமக்குப் பத்து நாளில் போகிற சளிக்காய்ச்சல் தொற்று அவனுக்கு ஐந்து மாதமாகப் போகவில்லை. திங்கட்கிழமைதோறும் அவன் மூக்கில் குச்சி விட்டு எடுத்து, குழாயில் போட்டு, பரிசோதனைக் கூடத்தில் கொடுப்பது என் பொறுப்பு.

போன வாரம் அங்கே இருக்கும் மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். முதல் குழாயையும் கடைசிக் குழாயையும் மட்டும் படித்திருக்கிறார்கள். கிருமியின் மரபணுவில் பத்து இடம் வேறாக இருக்கிறதாம்.

“ரெண்டும் ஒரே ஆளோடதுதானா தம்பி? நிஜத்த சொல்லு.”

அண்ணி அதற்கும் ஒரு படி மேலே போனார். குழாய் மாறவில்லை என்றால் புதுக் கிருமி வந்திருக்கிறதாம். கண்டவர் அழுக்குத் துணியைத் தொடுகிறவன் வீட்டில் ஒருத்தன்தான்.

“நீதான் வாரிக்கிட்டு வந்திருக்கே. கடையிலயே படுத்துக்கோ.”

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்குத் தும்மினேனா, கை கழுவினேனா என்று யோசித்து யோசித்து ஒரு சட்டையைக் கருக்கியே விட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. நடுவில் கொடுத்த குழாய்கள் எங்கே? குளிர்பெட்டியில் கிடக்கின்றன என்றார் மேடம். அவற்றையும் படியுங்கள் என்று வாசலிலேயே நின்றேன். வேலை வெட்டி இல்லையா என்று கேட்டார்.

“வேல இருக்கு மேடம். வீடுதான் இல்ல.”

இன்று காலை கூப்பிட்டார்கள். ஐந்தாவது குழாயில் இரண்டு மாற்றம். ஒன்பதாவதில் அந்த இரண்டும் அப்படியே இருக்க, கூடவே மூன்று. இப்படி ஏறி ஏறித்தான் பத்து. வெளியிலிருந்து புதிதாக வந்த கிருமி என்றால் இந்தப் பழைய அடையாளங்கள் கூடவே வந்திருக்காதாம்.

“யாரும் கொண்டு வரல தம்பி. உங்கண்ணன் உடம்பால அத வெரட்ட முடியல. உள்ளயே இருந்து மாறிக்கிட்டு இருக்கு.”

தொற்றைப் போக்க முன்பு அண்ணனுக்குப் போட்ட ஊசி பலிக்காமல் போனதும் இதனால் இருக்கலாம் என்று டாக்டர்கள் வேறு மருந்து பார்க்கிறார்கள். நேரே போய் அண்ணியிடம் சொன்னேன். கதவிடுக்கு வழியாகக் கேட்டார்.

“அவங்க சொன்னாங்களா, நீயா சொல்றியா?”

அக்கா, அவர்கள் கொடுத்த தாளைப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அண்ணியைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டு. திங்கட்கிழமை குச்சி எடுக்க வேண்டும். கதவைத் திறக்கச் சொல்.